வினிகர் அடித்தால் களை சாகுமா? வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவைக்குக் கிழக்கே சூலூர் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி ஏழு சென்ட் தோட்டம் இருக்கிறது. நான்கு தென்னை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகைப் பந்தல், மீதியெல்லாம் காய்கறிப் பாத்தி. உரக்கடைக் களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு நான்கு வருடமாக வினிகரை வெவ்வேறு விதமாக அடித்துப் பார்த்து வருகிறேன். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஏனுங்க, ஊறுகாய்க்கு ஊத்தற வினிகர்ல நெசமாவே களை சாகுமா?

சாகும். ஆனால் எல்லாக் களையும் சாகாது. முளைத்து இரண்டு வாரத்துக்குள் இருக்கிற சின்னக் களை, அதிலும் அகன்ற இலை உள்ளது, நல்ல வெயிலில் நனைய நனைய அடித்தால் அன்று சாயங்காலமே தொங்கிவிடும். மறுநாள் பழுப்பாகிக் காய்ந்திருக்கும்.

கோரை, அருகு மாதிரி மண்ணுக்குள் கிழங்கும் வேர்த்தண்டும் வைத்திருக்கிற களைகளில் மேலே உள்ள பச்சை மட்டும் கருகும். பத்து நாளில் திரும்பத் தலைகாட்டும். "வினிகர் சும்மா ஏமாத்து" என்று சொல்கிறவர்கள் அநேகமாகக் கோரையில் அடித்துப் பார்த்தவர்கள். "அருமையா வேலை செய்யுது" என்கிறவர்கள் இளங்களையில் அடித்தவர்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

அது எப்படிச் சாகுது? வேர் வழியாப் போகுமா?

வினிகரில் வேலை செய்வது அசிட்டிக் அமிலம். அது இலையில் பட்டதும் இலைச் செல்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வைச் சிதைக்கிறது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே கசிகிறது, மீதியை வெயில் உறிஞ்சிவிடுகிறது. செடி விஷத்தால் சாவதில்லை, ஈரம் போய்க் காய்ந்து சாகிறது.

பட்ட இடத்தில் மட்டும்தான் இது நடக்கும். கிளைபோசேட் மாதிரியான உரக்கடைக் களைக்கொல்லி இலை வழியாக உள்ளே போய் வேர்வரை இறங்கும். வினிகர் அப்படி இறங்காது. செடியின் ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் மட்டும் கருகி, மறுபக்கம் பச்சையாகவே நிற்கும். அதனால் முழுச் செடியும் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். கீழே வரப்போகும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

எந்த வினிகர் வாங்கறது? ஆப்பிள் வினிகர் நல்லதுன்னாங்களே?

மளிகைக்கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகர் போதும். நம் ஊர் பாட்டில்களில் பெரும்பாலும் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் என்று போட்டிருக்கும், சிலதில் 5. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருக்க வேண்டும். லேபிளைத் திருப்பிப் பார்த்து, அதிகம் உள்ளதை எடுங்கள்.

ஆப்பிள் வினிகரிலும் இருப்பது அதே அமிலம்தான், கிட்டத்தட்ட அதே அளவில். விலைதான் பல மடங்கு. அதைக் களைக்கு ஊற்றுவது காசை மண்ணில் கொட்டுவது. யாழ்ப்பாணத்திலிருந்து பேசிய சித்தி தென்னங்கள் வினாகிரியை (அங்கே வினிகரை அப்படித்தான் சொல்வார்கள்) அடிக்கலாமா என்று கேட்டார். அடிக்கலாம், வேலை செய்யும். ஆனால் அவ்வளவு நல்ல பொருளைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்.

எத்தனை மடங்கு தண்ணி கலக்கணும்?

கலக்கவே கூடாது. கடை வினிகரே நூற்றுக்கு 95, 96 பங்கு தண்ணீர்தான். அதில் இன்னும் தண்ணீர் சேர்த்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது.

4 சதவீதம் போதுமா? வெளிநாட்டு வீடியோவுல 20 சதவீதம்னு காட்டறாங்களே?

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் ஜே ராதாகிருஷ்ணன், ஜான் டீஸ்டேல், பென் காஃப்மேன் ஆகியோர் பல களைகள் மீது வெவ்வேறு அளவு வினிகரை அடித்துப் பார்த்து, 2002-இல் முடிவைச் சொன்னார்கள். முளைத்து முதல் இரண்டு வாரத்துக்குள் இருந்த களைகளை 5 முதல் 10 சதவீத வினிகரே கொன்றது. வளர்ந்த செடிகளுக்கு அதைவிட அதிகம் தேவைப்பட்டது. அந்த அதிக அளவில் எந்த வயதுக் களையாக இருந்தாலும் 85 முதல் 100 சதவீதம் வரை செத்தது.

ஆக, நம் கையில் இருக்கும் 4, 5 சதவீத பாட்டில் அந்த அளவுகோலின் அடிப்படியில் நிற்கிறது. குழந்தைக் களைக்கு மட்டும்தான் அதற்குச் சக்தி உண்டு. நான் வைத்திருக்கும் கணக்கு: இரண்டு முதல் நான்கு இலை, அல்லது சுண்டுவிரல் உயரம். அதைத் தாண்டினால் பாட்டிலை வைத்துவிட்டு களைக்கொத்தை எடுத்துவிடுவேன். 20 சதவீதம் என்பது வேறு கதை, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எங்க தோட்டத்துல என்னென்னமோ முளைக்குது. எது சாகும், எது சாகாது?

என் தோட்டத்தில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். குப்பைமேனி, குப்பைக்கீரை, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, தும்பை, பார்த்தீனியம் இவையெல்லாம் கன்றாக இருக்கும்போது ஒரே அடியில் போய்விடும். கிணற்றடிப் பூண்டு (வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழிந்து விடுவோமே, அதுதான்) இலை கருகினாலும் தண்டு தரையில் வேர் விட்டிருந்தால் திரும்பும், இன்னொரு முறை அடிக்க வேண்டும்.

சாரணையும் தரைக்கீரையும் சதைப்பற்றான இலை உள்ளவை. உள்ளே தண்ணீர் நிறைய இருப்பதால் சீக்கிரம் காயாது. மூக்கிரட்டைக்கு ஆழமான தடித்த வேர், அதற்கு வினிகர் ஒரு பொருட்டே இல்லை. நாயுருவியும் தொட்டாற்சிணுங்கியும் கன்றில் சாகும், தண்டு கட்டையாகிவிட்டால் சாகாது.

புல் வகையில் பொதுவாகவே வினிகர் தோற்கும். புல்லின் வளரும் குருத்து அடியில், தரையை ஒட்டி ஒளிந்திருக்கும். மேலே தாள் எரிந்தாலும் அது தப்பிவிடும்.

இன்னொன்று. மேலே சொன்னவற்றில் பாதி நம் பாட்டிமார் கீரையாகவும் மருந்தாகவும் பறித்தவை. தரைக்கீரையையும் மூக்கிரட்டையையும் நான் அடிப்பதில்லை, பறித்துப் பருப்போடு கடைந்துவிடுகிறோம்.

கோரைக்கு ஏதாவது வழி சொல்லுங்க, வெறுத்துப் போச்சு.

உங்கள் வேதனை புரிகிறது. உலகத்திலேயே மோசமான களை எது என்று களை அறிவியல்காரர்கள் பட்டியல் போட்டபோது முதலில் வைத்தது கோரையைத்தான். மண்ணுக்குள் கிழங்கு சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்திருக்கும். மேலே ஒரு தாள் போனால் கீழே தூங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு விழித்துக்கொள்ளும். வினிகரை வாரத்துக்கு ஒரு முறை விடாமல் அடித்தால் கிழங்கின் சேமிப்பு மெல்லக் குறையும் என்பது உண்மை. ஆனால் எத்தனை மாதம், எத்தனை பாட்டில் என்று கணக்குப் போட்டால் கட்டுபடியாகாது.

எனக்குப் பலன் தந்தது வேறு. சித்திரை, வைகாசி வெயிலில் பாத்தியை ஒரு சாண் ஆழம் கொத்திப் புரட்டி, கிழங்குகளை வெயிலில் காயப்போட்டேன். ஈரம் வற்றினால் கிழங்கு செத்துவிடும். வாரம் ஒரு முறை திரும்பக் கொத்தினேன். மழை வந்ததும் தட்டைப்பயறை நெருக்கமாக விதைத்தேன். கோரைக்கு நிழல் ஆகாது. இரண்டு கோடை இப்படிச் செய்தபின் அந்தப் பாத்தியில் கோரை கால்வாசிக்குக் குறைந்திருக்கிறது. முழுதாக ஒழியவில்லை.

காலைல அடிக்கறதா, சாயங்காலமா?

காலையில், இலை மேலிருக்கும் பனி காய்ந்த பிறகு. எட்டரை, ஒன்பது மணிக்கு அடித்தால் அதற்குப் பின் வரும் முழு வெயிலும் உங்களுக்காக வேலை செய்யும். சாயங்காலம் அடித்தால் இரவு ஈரத்தில் செடி தேறிவிட வாய்ப்பு உண்டு. மேகமூட்டமான நாளில் அடித்து ஏமாந்தவர்கள் பலர்.

அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை வராது என்று தெரிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். ஆனால் மழை விட்டுப் பளிச்சென்று வெயில் வரும் முதல் வாரத்தைத் தவற விடாதீர்கள். அப்போதுதான் தரை முழுக்கக் களை இரண்டிலை பருவத்தில் நிற்கும். ஒரு வாரம் கழித்துத் தப்பியவற்றுக்கு மட்டும் இன்னொரு முறை அடித்தால் சரி.

சோப்புத் தண்ணி கலக்கச் சொல்றாங்க. அது எதுக்கு?

இலை மேல் மெழுகுப் பூச்சு இருக்கும், வெறும் வினிகர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். சோப்பு சேர்ந்தால் படர்ந்து ஒட்டும். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமோ, காதி சோப் கரைசலோ போதும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். நான் இப்போது அதைத்தான் சேர்க்கிறேன். சோப்பின் வேலை வினிகரை ஒட்ட வைப்பதுதான், அதனால் கூடப் போட்டுப் பயனில்லை.

வினிகரோட கல்லுப்பு போட்டா வேரோட போகுமாமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கை கூப்பிப் பதில் சொல்கிறேன்: தோட்டத்தில் உப்பு வேண்டாம்.

உப்பு சேர்த்தால் களை வேகமாகச் சாகும், அதில் பொய் இல்லை. ஆனால் வினிகர் சில நாளில் மண்ணில் சிதைந்துவிடும். உப்பு சிதையாது. அதில் உள்ள சோடியம் மண்ணிலேயே தங்கும். களிமண் துகள்களை ஒன்றையொன்று விலக்கிவிடும், மேலே ஏடு கட்டும், தண்ணீர் உள்ளே இறங்காது. களை முளைக்காத மண்ணில் கத்தரியும் முளைக்காது. நம் பக்கம் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரே உப்பாக இருக்கிறது, அதை ஊற்றி ஊற்றி மண் ஏற்கனவே தவிக்கிறது. மழை பெய்தால் நீங்கள் போட்ட உப்பு பக்கத்து வீட்டுப் பாத்திக்கும் போகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே உப்பைப் பரிந்துரைக்கிறதே என்று ஒரு மாமா கேட்டார். ஆமாம், பார்த்தீனியத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பும் கொஞ்சம் சோப்புத் திரவமும் கலந்து அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பயிர் இல்லாத தரிசு இடத்துக்கு, பூக்கும் முன்னால். அதே பல்கலைக்கழகம் தரிசில் துத்தி மாதிரியான போட்டிச் செடிகளை வளர்த்துப் பார்த்தீனியத்தை அமுக்கவும் சொல்கிறது. அந்த யோசனை ஏனோ யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

அப்போ பார்த்தீனியத்துக்கு வினிகரே போதுமா?

கன்றாக இருந்தால் போதும். பூத்துவிட்டால் அடிக்காதீர்கள், அடித்தாலும் விதை சாகாது. ஒரு செடி 15,000-க்கும் மேல் விதை போடக்கூடியது. பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகத்துக்குத் துணியும் கட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும் செடி இது. இலைகளைச் சல்லடையாக அரித்துத் தின்னும், முதுகில் பழுப்புக் கோடு போட்ட சின்ன வண்டைக் கண்டால் விட்டுவிடுங்கள். பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்தவென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-இல் இந்தியாவில் விட்ட வண்டு அது.

கோமியம், சுண்ணாம்பு, உப்பு, எலுமிச்சை, வேப்பெண்ணெய் எல்லாம் கலந்து இயற்கை களைக்கொல்லி செய்யறாங்களே, அதுல வினிகரையும் சேத்துக்கலாமா?

கைபேசியில் சுற்றிக்கொண்டே இருக்கும் செய்முறை இது. கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சுண்ணாம்பு காரம். எலுமிச்சையும் வினிகரும் அமிலம். இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வினிகர் களையைத் தொடும் முன்பே தீர்ந்துபோகும்.

அந்தக் கலவையில் களையைக் கருக்குவது பெரும்பாலும் உப்புதான். கிலோ கணக்கில் போடச் சொல்கிறார்கள். தண்ணீர் கலக்காத கோமியமும் இளம் இலையைப் பொசுக்கும். உப்பைப் பற்றி மேலே சொன்னதேதான் இதற்கும். பெயரில் இயற்கை என்று இருப்பதால் மண் அதை மன்னித்துவிடாது. கோமியத்தைப் பஞ்சகவ்யத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புளிச்ச மோர் அடிச்சா? அதுவும் புளிப்புத்தானே?

புளிப்புதான், ஆனால் அது லாக்டிக் அமிலம், அதுவும் கொஞ்சமே இருக்கும். களை சாகாது. மோரையும் தேங்காய்ப்பாலையும் புளிக்க வைத்த தேமோர் கரைசலைத்தான் பூப்பிடிக்க நாம் செடிகளுக்கு அடிக்கிறோம்! களைக்கு மோர் அடித்தால் அது நன்றாகத் தழைத்து நின்று உங்களைப் பார்க்கும்.

வினிகர் ஊத்தினா மண்ணு கெட்டுப் போயிருமா?

இலை நனையும் அளவு அடித்தால் கெடாது. மண்ணில் விழும் சொற்ப அமிலத்தை நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும். எங்கள் பக்க மண்ணில் சுண்ணாம்பு அதிகம். ஒரு கைப்பிடி மண்ணில் நாலு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். அந்த நுரை என்பது சுண்ணாம்பு அமிலத்தை முறிப்பதுதான். இதே காரணத்தால், "கார மண்ணை வினிகர் ஊற்றிச் சரி செய்யலாமா" என்று கேட்பவர்களுக்கும் முடியாது என்பதுதான் பதில். இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும்.

வாளி வாளியாக வேரில் ஊற்றினால் அது வேறு. அந்த இடத்து மண்புழுவும் சின்ன உயிர்களும் பாதிக்கப்படும்.

கோழி மேயுது, நாய் படுக்குது. அடிச்ச எடத்துல விடலாமா?

காயும்வரை விடாதீர்கள், ஒரு மணி நேரம் போதும். காய்ந்தபின் பயமில்லை. பூத்த களை மேல் தேனீ உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், நேரே மேலே பட்டால் செத்துவிடலாம். தவளை, மண்புழு மேலும் படக்கூடாது.

நல்ல செடி மேல பட்டுட்டா?

அதுவும் கருகும். வினிகருக்குக் களை எது, செடி எது என்று தெரியாது. முதல் வருடம் காற்று அடித்த ஒரு நாளில் அவசரப்பட்டு அடித்து, ஆசையாக வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றின் ஒரு பக்கம் முழுக்க இலை உதிர்ந்தது. தெரிந்த உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். உங்களுக்கு நடந்தால் அதை உடனே செய்யுங்கள்.

இப்போது நான் செய்வது இது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, களை மேல் குடை மாதிரி கவிழ்த்து வைத்து, வாய் வழியாக ஸ்பிரேயர் மூக்கை விட்டு இரண்டு அடி. சாரல் வெளியே போகாது. செடிக்கு நெருக்கமாக இருக்கும் களைக்குப் பழைய பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டுத் தடவுவேன்.

தென்னை, முருங்கை மாதிரி பட்டை முற்றிய மரத்தடியில் அடித்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பட்டை இன்னும் பச்சையாக இருக்கும் கன்றுகள், வாழைப் பக்கக்கன்று, கொடி இவற்றின் தண்டில் படக்கூடாது.

காய்கறிப் பாத்தியில விதை போட்ட பிறகு அடிக்கலாமுங்களா?

பிறகு வேண்டாம், முன்னால் அடியுங்கள். வினிகருக்கு இருக்கும் வேலைகளிலேயே உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன். பாத்தியைக் கொத்தி, எரு போட்டு, விதைக்கத் தயாராக வையுங்கள். ஆனால் விதைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் விடுங்கள். மேல் மண்ணில் காத்திருக்கும் களை விதைகள் பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சைப் பாய் விரித்த மாதிரி முளைத்துவிடும். எல்லாம் இரண்டிலைப் பருவம். நல்ல வெயில் நாளில் வினிகர் அடித்துவிடுங்கள்.

மூன்று நாள் கழித்து, மண்ணைத் திரும்பக் கிளறாமல், விரலால் கீறிக் கீரையோ வெண்டையோ விதையுங்கள். கிளறினால் அடியில் இருக்கும் களை விதை மேலே வந்து எல்லாம் வீணாகிவிடும். முளைக்கீரைப் பாத்தியில் நான் இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு, உட்கார்ந்து களை பிடுங்கும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

மாடித்தோட்டத்துல பைக்குள்ள முளைக்கற களைக்கு?

கையால் பிடுங்குங்கள். தேங்காய் நாரில் வளரும் களை இழுத்தால் வேரோடு வந்துவிடும். இருக்கும் ஒரு முழ இடத்தில் அடித்தால் செடி மேல் படாமல் இருக்காது.

வாசல்ல பதிச்ச கல்லு இடுக்குல புல் வருது. அங்க அடிக்கலாமா?

என்ன கல் என்று பார்த்து அடியுங்கள். கிரானைட் என்றால் பயமில்லை. கடப்பா கல் சுண்ணாம்புப் பாறை வகை, அமிலம் பட்டால் பளபளப்புப் போய் வெளுத்த தடம் விழும். எங்கள் துவைக்கும் கல் பக்கத்தில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. மார்பிள், மொசைக், ஆத்தங்குடி ஓடு இவற்றுக்கும் அமிலம் ஆகாது. சிமென்ட் நடைகல்லில் ஒன்றிரண்டு முறை பட்டால் தெரியாது, திரும்பத் திரும்ப அடித்தால் மேல்பூச்சு அரித்துவிடும்.

இடுக்குக் களைக்கு வினிகரை விட நல்லது கொதிக்கும் தண்ணீர். சோறு வடித்த கஞ்சி சூடாக இருக்கும்போதே ஊற்றினால் செலவே இல்லை. கால் பத்திரம், செருப்பு போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

வாசல்ல பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கோம். அது மேல அடிச்சா பரவாயில்லையா?

கூடவே கூடாது. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், மூச்சு அடைக்கும், நெஞ்சைப் பாதிக்கும். பவுடர் போட்ட இடத்தை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, சில நாள் விட்டபிறகு யோசிக்கலாம். பவுடர் கரைத்த வாளியையும் வினிகருக்கு எடுக்காதீர்கள். வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாக வேலைக்கு வரும் அம்மாவுக்கும், இதைச் சொல்லி வையுங்கள்.

ஸ்பிரேயர் கெட்டுப் போகாதா?

பிளாஸ்டிக்காக இருந்தால் கெடாது. பித்தளை, இரும்பு பாகங்களை அமிலம் அரிக்கும். வேலை முடிந்ததும் இரண்டு முறை தண்ணீர் நிரப்பி அடித்துக் கழுவிவிடுங்கள்.

ஒரு ஏக்கர் தோப்புக்கு வாங்கி அடிச்சா என்ன செலவாகும்?

நனைய அடித்தால் ஒரு லிட்டர் தோராயமாக 10 சதுர மீட்டருக்கு வரும். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு தடவைக்கு 400 லிட்டர், பிறகு இரண்டாம் தடவை. உங்கள் கடை விலையால் பெருக்கிப் பாருங்கள்.

தோப்புக்கு மூடாக்குதான் சரி. தென்னை மட்டை, உரிமட்டை, கரும்புச் சோகை எது கிடைக்கிறதோ அதை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் வெளிச்சம் இல்லாமல் களை அமுங்கும், மண்ணில் ஈரமும் நிற்கும். நடுவில் தட்டைப்பயறோ சணப்பையோ விதைக்கலாம். வினிகர் வாசலுக்கும் பாத்திக்கும் உரியது, ஏக்கருக்கு உரியது இல்லை.

கெமிக்கல் கடையில ஆசிட்டாவே வாங்கித் தண்ணி கலந்து 20 சதவீதம் பண்ணிக்கலாமே?

கடையில் அசிட்டிக் ஆசிட் என்று கொடுப்பது 99 சதவீதத்துக்கும் மேல். தோலில் பட்டால் வெந்துபோகும். சுமார் 39 டிகிரி சூட்டிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும், நம் கத்திரி வெயில் அதைத் தாண்டுகிறது. அதில் தண்ணீர் கலக்கும்போது தெறித்து ஒரு சொட்டு கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். 11 சதவீதத்தைத் தாண்டிய கரைசலே தோலையும் கண்ணையும் சுடும். வெளிநாட்டில் 20 சதவீதத்தை விற்கும்போது கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொள்ளச் சொல்லி எச்சரிக்கை அச்சடித்துத்தான் விற்கிறார்கள். குழந்தைகள் ஓடும் வீட்டில், பழைய குளிர்பான பாட்டிலில் அதை ஊற்றி வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வேண்டாம்.

நாகர்கோவிலில் இருக்கும் மச்சான், ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்டை அடிக்கலாமா என்று கேட்டார். அது பெரும்பாலும் ஃபார்மிக் அமிலம், வினிகரே இல்லை, அதைவிடக் கடுமையானது. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையோடு அது நிற்கட்டும்.

வினிகர் அடிச்ச எடத்துல மறுபடி கீரை பறிச்சுச் சாப்பிடலாமா?

வெறும் வினிகர் என்றால், கருகியதை விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத் துளிர்ப்பதைப் பறித்துக் கழுவிச் சாப்பிடலாம். சோப்புத் திரவம் சேர்த்து அடித்திருந்தால் ஒரு நல்ல மழையோ இரண்டு பாசனமோ ஆகட்டும். பக்கத்து வீட்டுக்காரர் உரக்கடை மருந்து அடித்த வேலியோரத்தில் மட்டும் எதையும் பறிக்காதீர்கள்.

போன வருஷமே உப்பையும் வினிகரையும் கலந்து கொட்டிட்டேனுங்க. இப்போ ஒண்ணுமே முளைக்கல. என்ன பண்றது?

மனம் விட வேண்டாம், நாள் ஆகும், ஆனால் மீட்கலாம். உப்பு சிதையாது என்று சொன்னேன் அல்லவா, அதனால் அதைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு முன்னால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தை நகர்த்த வேண்டும். உரக்கடையில் ஜிப்சம் கிடைக்கும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை செய்து கேட்டுக்கொள்ளுங்கள், வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் குறைந்த கட்டணத்தில் பார்த்துத் தருவார்கள்.

ஜிப்சத்தைக் கொத்திக் கலந்து, பாத்தியைச் சுற்றி வரப்புக் கட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கி இறங்க விடுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊற்றாதீர்கள், மழைக்காலம் வரை காத்திருங்கள். தண்ணீர் கீழே வடிய வழியும் இருக்க வேண்டும். ஒரு மழைக்காலம் ஆனதும் தக்கைப்பூண்டை விதைத்துப் பாருங்கள், அது உப்பைத் தாங்கும். முளைத்து முழங்கால் உயரம் வந்தால், பூப்பதற்கு முன் மடக்கி உழுது அல்லது கொத்தி மண்ணோடு சேர்த்துவிடுங்கள். அதற்கு அடுத்த பட்டத்தில் கொஞ்சம் கீரை விதை தூவிப் பார்க்கலாம்.